இல்லாத ஆளுக்கு அரை மணி நேரத் தண்ணீர்

நாற்பது ஆண்டுகள் வாயில்லாத சீவன்களிடமிருந்து உண்மையைக் கேட்டறிந்து, இன்று வாயுள்ளவர்களின் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் கால்நடை மருத்துவர் ஐயா அவர்களே, மதகுச் சக்கரத்தைத் திருப்பித் திருப்பி ஒரு தோள் இறங்கிப்போன மதகுக்கார அண்ணன் அவர்களே, கிடங்கில் பாதியைக் காலி செய்து உர மூட்டைகளுக்கு நடுவே நமக்கு உட்கார இடம் கொடுத்த சங்கச் செயலாளர் அவர்களே, நான் வாய் திறப்பதற்குள் கடிகாரம் பார்க்கத் தொடங்கிவிட்ட முன்வரிசைப் பெரியோர்களே, வயலிலிருந்து நேரே வந்து, காலில் காயாத சேற்றோடு பின்வரிசையில் நிற்கிற தாய்மார்களே, பதிவேட்டில் அமர்ந்திருந்து இங்கே அமராத என் வயது நண்பர்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

கடைசியாக நான் அழைத்தவர்கள் மட்டும் பதில் வணக்கம் சொல்லவில்லை. சொல்ல மாட்டார்கள். இங்கே இல்லை.

எனக்குக் கொடுத்த தலைப்பு 'பெருகும் மக்கள், பெருகும் உழவு'. இருபது நிமிடம். மேசைமேல் இருக்கிற இந்தக் கேடயத்தைப் புகழ்ந்து பேச வேண்டும் என்றார் செயலாளர். மாவட்டத்திலேயே உழைக்கும் கரங்கள் மிகுந்த கால்வாய்க் கிளை என்று நமக்குத் தந்திருக்கிறார்கள். மஞ்சள் உலோகம். கீழே மரப்பீடம். இரண்டு கைகள் ஒரு கதிரைப் பிடித்திருக்கும் உருவம். நான் பொருளாதாரம் கற்பிக்கிறவன். எதையாவது பார்த்தால் எண்ணிவிடுவேன். எண்ணிப் பார்த்தேன். இந்தக் கிளையில் நான் பார்த்த இளைஞர் கைகள், இந்தக் கேடயத்தில் இருக்கிற இந்த இரண்டுதான்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். போன பருவத்தில் மக்காச்சோளம் செடியிலேயே முளைத்தபோது யாரும் சிரிக்கவில்லை.

நமக்கு எத்தனை ஏக்கர்? அறுநூற்று எழுபத்திரண்டு. தண்ணீர்ப் பதிவேட்டில் உழைப்பவர் எத்தனை பேர்? முந்நூற்று முப்பத்தாறு. ஓர் ஆளுக்கு இரண்டு ஏக்கர். எவ்வளவு அழகான கணக்கு, எவ்வளவு அளவான கணக்கு, எவ்வளவு அண்டப் புளுகான கணக்கு. மருத்துவர் ஐயா, மன்னிக்க வேண்டும். வேறு சொல் தேடினேன். கிடைக்கவில்லை.

அறுவடை இயந்திர நிலையம் கேட்டு மனு எழுதினோம். மூன்று முறை எழுதினோம். மூன்று முறையும் ஒரே பதில் வந்தது. அதைப் படிக்கிறேன், கேளுங்கள். 'தங்கள் கிளையில் மனித வளம் போதுமான அளவு இருப்பதால், ஓர் ஆளுக்கு மூன்று ஏக்கருக்கு மேல் உள்ள கிளைகளுக்கே முன்னுரிமை அளிக்கப்படும்.' போதுமான அளவு. இந்தக் காகிதம் வந்த வாரம்தான் என் அம்மா நான்கு ஏக்கர் கதிரை ஒடிக்க ஆள் தேடி ஆறு ஊருக்குத் தொலைபேசியில் கெஞ்சிக்கொண்டிருந்தார். ஆள் வரவில்லை. மழை வந்தது. அழைக்காத மழை வந்தது, அழைத்த ஆள் வரவில்லை. இரண்டு நாள் விடாமல் பெய்தது. மூன்றாம் நாள் அம்மா எனக்கு ஒரு படம் அனுப்பினார். கதிரின் உறை பிரிந்து, உள்ளே ஒவ்வொரு மணியிலும் பச்சையாக ஒரு மூக்கு. படத்தின் கீழே ஒரு வரிகூட இல்லை. நான் வகுப்பில் இருந்தேன். 'கிராமப்புற உழைப்புச் சந்தை' என்று பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன்.

யார் செய்த பிழை இது? அதிகாரியா? மழையா? மேலே இருக்கிறவர்களா? கையைக் காட்ட ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தப் பிழை நம் கையெழுத்தில் இருக்கிறது.

வெளியூரிலிருந்து வந்திருக்கும் விருந்தினர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே தண்ணீர் நிலத்துக்கு இல்லை, ஆளுக்கு. வாரத்துக்கு நூற்று அறுபத்தெட்டு மணி நேரம் கால்வாய் ஓடும். பதிவேட்டில் எத்தனை ஆண் பெயரோ, அத்தனை பங்கு. நம் தாத்தாக்கள் வகுத்த ஏற்பாடு. உழைக்கிறவனுக்குத் தண்ணீர் என்று நினைத்தார்கள். அவர்கள் காலத்தில் நல்ல நினைப்பு. பிறகு ஒருவன் வெளியூர் போனான். அவன் பெயரை அடித்தால் வீட்டுக்கு ஒரு பங்கு குறையும். அடிக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரன் பார்த்தான். அவன் வீட்டுப் பையனும் போனான். அங்கேயும் அடிக்கவில்லை. போனவன் எல்லாம் பெயரை விட்டுப் போனான், பிறந்தவன் எல்லாம் பெயரைச் சேர்த்தான். இன்றைக்கு முந்நூற்று முப்பத்தாறு பெயர். ஒரு பெயருக்கு அரை மணி நேரம்.

இல்லாத ஆளுக்கு அரை மணி நேரத் தண்ணீர். போய்விட்டவனுக்கு அரை மணி நேரம். போய்ச் சேர்ந்தவனுக்கும் அரை மணி நேரம். ஆமாம். இறந்து நான்கு ஆண்டாகியும் வாரந்தோறும் வியாழக்கிழமை தவறாமல் பாசனம் செய்கிற ஒருவர் நம் கிளையில் இருக்கிறார். அவர் வீட்டார் இங்கே இருக்கிறார்கள். பெயர் சொல்ல மாட்டேன். உயிரோடு இருந்தபோது அவர் இவ்வளவு ஒழுங்காக வயலுக்குப் போனதில்லை என்று மட்டும் சொல்வேன்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் என்ன நடந்தது? பதிவேட்டில் ஒன்று சொல்லி, கணக்கெடுப்பில் வேறொன்று சொல்ல முடியுமா? மாட்டிக்கொள்ள மாட்டோமா? அதனால் அங்கேயும் அதையே சொன்னோம். எங்கள் வீட்டுக்குக் கணக்கெடுக்க வந்தவர் பள்ளி ஆசிரியை. அம்மா கொல்லையில் மண்வெட்டிக்குப் பிடி மாட்டிக்கொண்டிருந்தார். இருவரும் பேசியதை அம்மாவே எனக்கு நடித்துக் காட்டினார்.

"அக்கா, வீட்ல எத்தனை பேரு?"

"பசங்க மூணு பேரு. நான்."

"பசங்க என்ன பண்றாங்க?"

"விவசாயம்."

"மூணு பேருமா?"

"மூணு பேருந்தான்."

"இப்ப எங்க?"

"வந்துடுவாங்க."

"எப்ப வருவாங்க?"

"சோத்து நேரத்துக்கு."

"எந்த வருஷத்துச் சோத்து நேரம் அக்கா?"

பெரிய அண்ணன் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுகிறார். நடு அண்ணன் இருபது மாடிக் கட்டடங்களில் மின்தூக்கி பழுதுபார்க்கிறார். நான் கற்பிக்கிறேன், அல்லது அப்படி நினைத்துக்கொள்கிறேன். மூவரும் அன்றைக்கு விவசாயிகளானோம். பிறகு ஆசிரியை கேட்டாராம், "நீங்க என்ன வேலைக்கா?" அம்மா மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார், "எனக்கென்ன வேலை. வீட்லதான்."

ஆசிரியை எழுதிக்கொண்டார். ஏன் மறுத்துப் பேசவில்லை? அவர் வீட்டுக்காரர் ஊரை விட்டுப் போய் ஒன்பது ஆண்டு. அவர் பெயரும் பதிவேட்டில் இருக்கிறது. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தண்ணீர் குடித்தார்கள். அடுத்த வீட்டுக்குப் போனார். இப்படித்தான், தாய்மார்களே, இல்லாத நாங்கள் எல்லாரும் உழவரானோம், இருக்கிற நீங்கள் எல்லாரும் இல்லாமல் போனீர்கள்.

என்ன ரேடியோ மாமா? சத்தமாகச் சொல்லுங்கள், உங்களுக்கு அது கடினமில்லையே. "பேர அடிச்சா நாளைக்கு நெலத்துல பங்கு இல்லன்னுடுவாங்க, அதச் சொல்லு மொதல்ல" என்கிறார். மாமா, இது தண்ணீர்ப் பதிவேடு. பட்டா வேறு, பத்திரம் வேறு. மருத்துவர் ஐயா தலையாட்டுகிறார், பாருங்கள். என்ன? "டாக்டர் மாட்டுக்குத்தான டாக்டரு, பத்திரத்துக்குமா" என்கிறார். சரி மாமா. செயலாளரும் தலையாட்டுகிறார். அவரையாவது நம்புங்கள்.

இன்னொன்றும் கேட்க வேண்டும், மாமா. உங்கள் மகனுக்குப் பெண் பார்க்கப் போனபோது நானும் வண்டியில் இருந்தேன். பெண் வீட்டில் என்ன சொன்னீர்கள்? "பையன் சிட்டில கம்பெனி வேலை, வயல் பக்கம் தலைவச்சும் படுக்க மாட்டான்." அதே வாரம் பதிவேட்டுப் புதுப்பிப்பு. அங்கே என்ன சொன்னீர்கள்? "பையன் முழுநேர விவசாயம்." கல்யாணத்துக்குக் கம்பெனி, கால்வாய்க்கு விவசாயி. ஒரு பையனை வைத்துக்கொண்டு இரண்டு இடத்தில் இரண்டு வேலை வாங்குகிற திறமை என் கல்லூரிப் பேராசிரியர்களுக்குக்கூட இல்லை.

கோபமாகப் பேசுகிறேன் என்று தெரிகிறது. உங்கள்மேல் மட்டும் என்று நினைக்காதீர்கள்.

போன மாதம் விடுப்பில் வந்திருந்தேன். என் பெயருக்கான முறை வந்தது. அம்மாவோடு மதகுக்குப் போனேன். மதகுக்கார அண்ணன் பதிவேட்டைத் திறந்து வழக்கம்போல் கேட்டார், "கடைக்குட்டி இருக்கானா?" அம்மா வழக்கம்போல் சொன்னார், "இருக்கான்." அண்ணன் குறித்துக்கொண்டு நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"ஏக்கா, நெசமாவே இருக்கானே."

"நான் என்னிக்குப் பொய் சொன்னேன்" என்றார் அம்மா.

"இரு இரு, இத நான் தனியா குறிச்சு வைக்கணும்."

பிறகு என்னிடம், "வாத்தியாரே, சக்கரத்தத் திருப்புங்க" என்றார். திருப்பினேன். திரும்பவில்லை. முழு பலத்தோடு திருப்பினேன். "அது மூடுற பக்கம்" என்றார். மறுபக்கம் திருப்பினேன். கை வழுக்கியது. அம்மா என்னை நகர்த்திவிட்டு, சேலையைச் செருகிக்கொண்டு, ஒரு காலைக் கல்லில் ஊன்றி மூன்று சுற்றுத் திருப்பினார். தண்ணீர் போயிற்று. என் பெயரில் போயிற்று. நான் கரையில் நின்று பார்த்தேன். பதிவேட்டின்படி அந்த நேரத்தில் பாசனம் செய்துகொண்டிருந்தவன் நான்.

எனக்கு அது பிடித்திருந்தது. இதைத்தான் சொல்ல வெட்கமாக இருக்கிறது. என் பெயர் அங்கே இருப்பது அம்மாவுக்கு மட்டும் வசதி இல்லை, எனக்கும் வசதி. நகரத்தில் வாடகை அறை. சன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் குழாய்கள். அங்கே படுத்துக்கொண்டு, நான் எங்கும் போய்விடவில்லை, என் பெயர் இன்னும் ஊரில் நிற்கிறது என்று நினைத்துக்கொள்ளலாம். அந்த நினைப்புக்கு வாரம் அரை மணி நேரம் என் அம்மா சக்கரம் திருப்புகிறார். எங்கள் மூன்று பேர் நினைப்புக்கும் மூன்று முறை, மூன்று வேறு நாள், மூன்று வேறு அகால வேளை.

நிமிடக் கணக்குக்கு வருகிறேன். மதகைத் திறந்ததும் முதல் பத்து நிமிடத் தண்ணீர் வாய்க்காலை நனைக்கவே சரியாகிவிடும். உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மூன்று அரை மணி நேரத்தில் முப்பது நிமிடம் வாய்க்கால் குடிக்கிறது. வயலுக்குப் போவது அறுபது நிமிடம். போன மாதம் நானும் மதகுக்கார அண்ணனும் வீடு வீடாகப் போய்ப் பார்த்தோம். ஊரில் உண்மையாக மண்வெட்டி பிடிக்கிற ஆண்கள் எத்தனை பேர்? அறுபத்து நான்கு. பெண்கள் எத்தனை பேர்? நூற்று நான்கு. கூட்டினால் நூற்று அறுபத்தெட்டு. ஓர் ஆளுக்கு ஒரு மணி நேரம், ஒரே வீச்சாக. ஓர் ஆளுக்கு நான்கு ஏக்கர். மூன்றுக்கு மேல். இயந்திர நிலையத்தை யாரும் மறுக்க முடியாது.

இதில் யாருக்கும் நட்டமே இல்லை என்று மேடையில் சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். பெயர் அதிகம் வைத்திருக்கிற வீட்டுக்குத் தண்ணீர் குறையும். என் அம்மாவுக்கு ஒரு மணி நேரம் வரும். வாய்க்கால் குடித்ததுபோக ஐம்பது நிமிடம். இப்போது அறுபது. பத்து நிமிடம் நட்டம். அதுவும் எல்லா வீடும் சேர்ந்து கையெழுத்திட்டால். அம்மா மட்டும் தனியாகப் போட்டால்? மூன்று பெயர் போய்த் தன் பெயர் ஒன்று வரும். அரை மணி நேரம். வாய்க்கால் குடித்தால் இருபது நிமிடம். நான்கு ஏக்கர் அந்த இருபது நிமிடத் தண்ணீரில் கருகிவிடும்.

இதனால்தான் யாரும் முதலில் போவதில்லை. இதற்கு என் பாடப்புத்தகத்தில் ஓர் அத்தியாயமே இருக்கிறது. நீங்கள் முட்டாள்கள் என்று அதில் எழுதவில்லை. ஒவ்வொருவரும் புத்திசாலியாக இருப்பதால் ஊரே முட்டாளாகிறது என்று எழுதியிருக்கிறது. முந்நூற்று முப்பத்தாறு புத்திசாலிகள், செடியில் முளைத்த சோளம்.

கணக்கெடுப்புக்கும் தண்ணீர்ப் பதிவேட்டுக்கும் பொதுவான திருத்தப் படிவங்கள் அந்த எடைமேடை மேல் இருக்கின்றன; இந்த முறை பெண் பெயரும் எழுதலாம். நாளை காலை பத்து மணிக்கு அலுவலர் வந்து எடுத்துப்போவார். அதோடு கணக்கு மூடப்படும். மறுபடி திறக்கப் பத்தாண்டு. பத்தாண்டுக்குப் பிறகு என் அம்மாவுக்கு அறுபத்தாறு வயது. மூன்று முறை மதகுக்குப் போவாரா? சக்கரம் திருப்புவாரா? அப்போதும் மனித வளம் போதுமான அளவு இருக்கும். இன்னொரு கேடயமும் வரும்.

என் பெயரை நான் அடித்துவிடத் தயார். ஆனால் அதற்கு என் கையெழுத்துச் செல்லாது. பதிவேட்டின் விதி, குடும்பத் தலைவர் கையெழுத்து வேண்டும். குடும்பத் தலைவர் பின்வரிசையில், உரமூட்டையில் சாய்ந்து நிற்கிறார். காலையிலிருந்து என்னோடு பேசவில்லை. மேடையில் இதைப் பேசப்போகிறேன் என்று சொன்னேன். அவ்வளவுதான்.

என்னம்மா? பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்காது, நான் திருப்பிச் சொல்கிறேன். "பத்து நிமிஷம் தண்ணி கொறையுறதப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல" என்கிறார். வேறு என்னம்மா?

"பேர அடிச்சிட்டா, நீங்க மூணு பேரும் வரமாட்டீங்கன்னு நானே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிடும்ல."

இதைத் திருப்பிச் சொல்லத் தேவையில்லை. எல்லாருக்கும் கேட்டிருக்கும்.

கொஞ்சம் பொறுங்கள்.

அம்மா, இதற்கு நான் ஒரு நல்ல பதில் தயாரித்து வந்தேன். காகிதத்தில் இருக்கிறது. உறவு வேறு, ஆவணம் வேறு என்று அழகாக எழுதியிருக்கிறேன். அதைப் படிக்க மாட்டேன். வரமாட்டோம், அம்மா. வந்து இருக்க மாட்டோம். பெரிய அண்ணன் பிள்ளைகள் அங்கே பள்ளி போகிறார்கள். நடு அண்ணன் வீடு வாங்கியாயிற்று. எனக்குச் சக்கரம் எந்தப் பக்கம் திரும்பும் என்பதே தெரியாது. இதை மூன்று பேரும் உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். பதிவேட்டில் பெயர் இருக்கிறதே என்று சொல்லாமல் இருந்துவிட்டோம்.

சொல்லிவிட்டேன். இந்த ஊர் முழுக்கக் கேட்கும்படி சொன்னது தவறாக இருந்தால், வீட்டுக்கு வந்து திட்டுங்கள்.

அம்மா நடக்கிறார். வழி விடுங்கள், தயவுசெய்து. எடைமேடைப் பக்கம்தான் போகிறார். கதவுப் பக்கம் என்று நினைத்தேன்.

மதகுக்கார அண்ணனிடம் ஏதோ கேட்கிறார். அண்ணன், ஒலிவாங்கியை அப்படித் திருப்புங்கள்.

"மூணு பேரையும் அடிச்ச பொறவு, எம்பேரு எங்க எழுதணும்?"

"மேல எழுதுக்கா. மொத வரியில."

"தொழிலுன்னு போட்டிருக்கே, அதுல?"

"நீயே சொல்லு."

"விவசாயின்னு போடு. எத்தனை வருஷமான்னு கேட்டிருந்தா அதையும் போடு, முப்பத்தொன்னு."

"கேக்கலக்கா."

"கேக்காட்டியும் போடு."

அம்மா கையெழுத்தும் போட்டுவிட்டார். நான் இங்கிருந்தே பார்த்தேன். பேனாவை அழுத்தித்தான் போட்டார்.

இப்போது இந்தக் கிடங்கில் என்ன நடந்திருக்கிறது என்று புரிகிறதா? ஒரு பெண்மணி, உங்கள் கண் முன்னால், தன் நான்கு ஏக்கரை இருபது நிமிடத் தண்ணீரில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார். அவர் இதை அறியாமல் செய்யவில்லை. கணக்கு அவருக்கு என்னைவிடத் தெரியும். நீங்கள் கைதட்டலாம். கைதட்டினால் சோளம் விளையாது. நீங்கள் அவரைப் பாராட்டலாம். பாராட்டினால் வாய்க்கால் நனையாது. அந்த இருபதை ஐம்பதாக்க ஒரே வழிதான் இருக்கிறது, அது உங்கள் கையில், உங்கள் பேனாவில், உங்கள் வீட்டுப் பெயரில் இருக்கிறது. எழுந்திருப்பீர்களா? எழுதுவீர்களா? இருப்பவரை இருப்பவர் என்றும், இல்லாதவரை இல்லாதவர் என்றும் ஒரே ஒரு முறை, ஒன்றாக, உரக்கச் சொல்வீர்களா?

ஆசிரியை எழுந்திருக்கிறார். நன்றி, டீச்சர்.

வியாழக்கிழமைக்காரர் வீட்டு அம்மாவும். நன்றி. அவரும் ஓய்வெடுக்கட்டும்.

ரேடியோ மாமா உட்கார்ந்திருக்கிறார். "வரிசை கொறையட்டும், முட்டி வலி" என்கிறார். சரி மாமா. நாங்கள் யாரும் போகமாட்டோம், காத்திருக்கிறோம்.

இன்னும் நிறையப் பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள். இருபது நிமிடத்துக்குமேல் பேசிவிட்டேன். மேலும் பேசினால் வரிசையில் நிற்பவர்களும் உட்கார்ந்துவிடுவார்கள். இடம் தந்த சங்கத்துக்கும், பொறுத்துக்கொண்ட தலைவர் ஐயாவுக்கும், நின்றபடியே கேட்ட தாய்மார்களுக்கும் என் நன்றி. வந்தபோது இந்தக் கிளையின் உழவர் முந்நூற்று முப்பத்தாறு பேரில் ஒருவனாக இந்த மேடையில் ஏறினேன். இப்போது உங்கள் ஊருக்கு வந்துபோகிற ஒரு விருந்தாளியாக இறங்குகிறேன். விருந்தாளி சொல்கிற வணக்கத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். பேனா இரண்டுதான் இருக்கிறது, என்னுடையதையும் கொண்டுவருகிறேன்.